லால்துராவுக்குப் பூவாடை

தந்தி வந்த சாயங்காலம் நான் துணிக்கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பத்து நான்காம் வருஷம், ஆவணிக் கடைசி. தூறல் போடத் தொடங்கியிருந்தது. சுகந்தியின் பள்ளிச் சீருடையை நனைவதற்குள் எடுத்துவிட்டேன். கொடி தொய்ந்துபோய் வாழைக்கன்றை உரசிக்கொண்டிருந்தது. அவிழ்த்து இழுத்துக் கட்டலாம் என்று பார்த்தால், கொய்யா மரத்தில் காந்திமதி போட்டுவிட்டுப் போயிருந்த முடிச்சு அவிழவில்லை. "இழுக்காதீங்க, உள்பக்கமாத் தள்ளுங்க, தானா விட்டுடும்" என்று எனக்குக் காட்டியிருக்கிறாள். நான் இழுத்தேன். அது இறுகியது.

"நீயும் உன் முடிச்சும்" என்று சத்தமாகவே சொன்னேன்.

பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்த சுகந்தி சிரித்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா வந்ததும் சொல்றேன்ப்பா, அப்பா உங்க முடிச்சைத் திட்டினாருன்னு."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

தந்தியில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, லால்துராவின் உச்சியை அடைந்துவிட்டார்கள். இரண்டாவது, இறங்கும்போது காந்திமதி விழுந்துவிட்டாள். இரண்டாவது செய்தி அன்று பொழுது சாய்வதற்குள் சேலையூர் முழுவதும் தெரிந்துவிட்டது. முதலாவதை ஊர் காதில் வாங்கவே இல்லை. அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை என்னுடையதாயிற்று. இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

என் பெயர் ஜெயவேலு. மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன். எங்கள் குடும்பத்துக்குச் சேலையூர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. அண்ணன் சுப்பராயலு அதை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டு, பிறகு கூடுவாஞ்சேரிப் பக்கம் லேஅவுட் போடப் போனார். எனக்கு நிலத்தைப் பற்றியும் தெரியாது, மலையைப் பற்றியும் தெரியாது. மின்சார ரயிலில் உட்கார இடம் பிடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வீரம்.

காந்திமதி குரோம்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். என்.சி.சி. மூலம் ஒரு கோடை விடுமுறையில் வடக்கே மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போய் வந்த பிறகு அவள் கண்ணுக்குச் சுவர் எல்லாம் வேறாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலைக்குப் போவாள். பல்லாவரத்தில் வேலை நின்றுபோன கல்குவாரிகளில் கயிறு கட்டி ஏறுவாள். துணைக்கு ஜெயசீலி வருவாள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், காந்திமதியைவிட ஆறேழு வயது சின்னவள். இரண்டு பேரும் டிராக் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக சைக்கிளில் போவதைத் தெரு வேடிக்கை பார்த்தது.

"இன்னா வேலு, உன் சம்சாரம் கல்லொடைக்கப் போவுதா?" என்று கேட்டார்கள்.

"உடைக்கல, ஏறப் போறா" என்பேன்.

"ஏறி?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது. "ஏறி, சுத்திப் பாக்கறது. அப்புறம் பசிக்கும்" என்பாள்.

லால்துராவைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அவள் போன பிறகுதான். நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன், தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டேன். இமயமலையில் கர்வால் பக்கத்துத் தேசியப் பூங்கா ஒன்றின் நடுவில் நிற்கிறது அது. இருபத்தோராயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். இமயத்தில் அது ஒரு பெரிய உயரம் இல்லை. அக்கம்பக்கத்திலேயே அதைவிட உயரமானவை உண்டு. சாயங்கால வெயிலில் மேற்கு முகம் சிவந்துவிடுவதால் அந்தப் பெயர்; லால் என்றால் சிவப்பு. முப்பத்தாறில் இரண்டு வெள்ளைக்காரர்கள் அந்தச் சிவந்த முகத்தில் ஏறப் பார்த்து, கல் உதிர்வதைக் கண்டு திரும்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சுவிஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பவில்லை. எழுபத்தைந்தில் ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் வடக்கு முகடு வழியாக முதன்முதலில் உச்சியில் நின்றார்கள். பிறகு நம் ராணுவத்தார், அதே வழியில். தெற்கு முகடு மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காமல் இருந்தது. எண்பத்து நான்கில் அதன் வழியாக மூன்று பேர் ஏறினார்கள்: காந்திமதி, ஜெயசீலி, மூட்டை சுமக்க வந்து இவர்களோடு கயிற்றில் சேர்ந்துகொண்ட கல்யாண் சிங்.

இதை நான் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அண்ணி பச்சையம்மா துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பார்க்குல போய் எப்டி வேலு சாவாங்க? கிண்டில கீதே, மானு மேயுமே, அந்த மாரி பார்க்குதானே அது?"

"அது வேற அண்ணி. மலையெல்லாம் இருக்கும்."

"மலைய எதுக்குப் பார்க்குல வுடறாங்க?" என்று அழுதார்.

அழுகை நிஜம். அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

உடல் கிடைக்கவில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது மேகம் சூழ்ந்துவிட்டது. ஜெயசீலிக்குக் கால் மரத்துப்போயிருந்தது. கல்யாண் சிங் அவளைக் கயிற்றில் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். வழி எது என்று பார்த்து வருவதாகச் சொல்லிக் காந்திமதி கயிற்றைக் கழற்றிவிட்டு முன்னால் போனாள். பனி விளிம்பு உடைந்தது. அவ்வளவுதான். அது விழுந்த பள்ளத்தில் யாராலும் இறங்க முடியவில்லை. அடுத்த வருஷம் தேடப் போகலாம் என்றார்கள்.

அண்ணன் அதற்குள் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். உடம்பு இல்லாத சாவுக்கு வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, பெயர் சொல்லிக் கொளுத்திக் காரியம் செய்வது வழக்கம்.

"செய்ய மாட்டேன்" என்றேன்.

"இன்னாடா பேசற? அய்யரே சொல்லிட்டாரு."

"அவ பேரைச் சொல்லி வைக்கோலைக் கொளுத்த மாட்டேன்ண்ணா."

"அப்ப அவ அங்கயே அலையட்டுன்றியா?"

"அலையட்டும். அவளுக்குப் பிடிச்ச இடம்தானே."

அண்ணன் கையை ஓங்கிவிட்டார். அண்ணிதான் நடுவில் வந்து பிடித்தார். எல்லாரும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இல்லை. அவள் இறந்துவிட்டாள் என்பதை நான் முதல் நாளே ஒப்புக்கொண்டேன். அவள் போனது தப்பு என்பதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருந்தால், கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரு தப்பைக் கொளுத்திவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு குளிக்கப் போயிருப்பார்கள்.

மறு வருஷம் தேடப் போக முடியவில்லை. காடும் விலங்கும் கெடுகின்றன என்று அந்தப் பூங்காவையே மூடிவிட்டார்கள். ஆடு மேய்ப்பவர்கள்கூட உள்ளே போகக் கூடாது. மலையேறுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சுகந்தி வளர்ந்தாள். காலையில் என் வீட்டுச் சாப்பாடு, சாயங்காலம் அண்ணி வீட்டில். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அண்ணிதான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதையும் அதை வைத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறில் சுகந்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போடுவது என்று பேச்சு. ஆவணியில் முகூர்த்தம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் பூவாடை போடுவார்கள். வீட்டில் புருஷன் இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகப் போய்ச்சேர்ந்த பெண்ணை, குளத்தங்கரையிலோ ஏரிக்கரையிலோ பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். அவள் வந்துவிட்டாள் என்று குறி தெரிந்ததும் செம்பில் தண்ணீர் எடுத்துப் பூச்சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதுப் புடவை வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். படைத்ததைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். செத்துப்போனவள் தன் கையால் உடுத்திவிட்டது மாதிரி. பூவாடைக்காரி வராமல் எங்கள் வீட்டில் ஒரு தாலி ஏறியதில்லை.

"அத்தைக்குப் போட்டுடலாம்" என்றார் அண்ணி, வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே. அத்தை என்றது எங்கள் அம்மா கங்கையம்மாளை; அவரும் அப்பாவுக்கு முன்னால் போனவர்.

"அம்மாவுக்குப் போடுங்க. காந்திமதிக்கும் போடுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக் கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. "காரியம் பண்ணாத சாவுக்குப் பூவாடையா? நீதானடா அன்னிக்கு வேணான்ன?"

"பொம்மை வேணாம்னேன். அவ வேணாம்னு சொல்லலியே."

"வேலு, கோவிச்சிக்காத" என்றார் அண்ணி. "வூட்டுல பொடவை கட்டிகினு, புருசன் புள்ளயப் பாத்துகினு போனவளைத்தான் கூப்புடறது. இவ பேண்ட்டு மாட்டிகினு எங்கியோ போய் வுழுந்தா. நல்ல சாவா அது? கூப்ட்டா ஆவேசமா வந்துட்டா இன்னா பண்றது? பொண்ணு வாழவேண்டாமா?"

"உச்சிக்குப் போயிட்டு வர்ற வழியில செத்தா அண்ணி. தப்பு பண்ணிட்டுச் சாகல."

"சரிடா" என்றார் அண்ணன். "எந்தத் தண்ணில கூப்புடுவ? பனிலயா? நான் வேணா ஐஸ் பொட்டி வாங்கியாரட்டா?"

உள்ளே கதவருகில் நின்றிருந்த சுகந்தி வெளியே வந்தாள். அவள் பேசுவதற்குள் நான் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது. இது அவள் சண்டை ஆகிவிடக் கூடாது.

"பச்சைமலை மேல ஒரு சுனை இருக்கு. ஆவணியில தண்ணி நிக்கும். அங்கதான் அவ ஏறக் கத்துக்கிட்டா. அங்க கூப்பிடுவோம்."

"மலை மேல பூவாடையா? ஊரு சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். மேல ஏறி வந்து சிரிக்கச் சொல்லு."

"அப்ப என் வாசல்ல பந்தல் கெடையாது."

"என் வாசல் ரெண்டு ஆள் அகலம் இருக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் உக்காந்தா போதும்."

அண்ணி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். "பாரு, ரெண்டு கெடாவும் முட்டிக்கிறத. பொண்ணு நிக்குதே, அத்தக் கேட்டீங்களா?"

சுகந்தி சொன்னாள்: "அம்மாவைக் கூப்பிடாம எனக்குக் கல்யாணம் வேணாம் பெரியம்மா. நீங்களும் வரணும். நீங்க இல்லாமயும் வேணாம்."

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பூவாடை எப்போது என்று கேட்டு ஆள் அனுப்பியதால்தான் அண்ணன் கடைசியில் இணங்கினார். இணங்கினார் என்பதுகூடச் சரியில்லை. வராமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு வேனிலிருந்து இறங்கினோம். வழக்கமாக எல்லாரும் ஏறும் பக்கம் அல்ல இது. பழைய குவாரிப் பக்கம். காந்திமதி அந்தப் பக்கமாகத்தான் ஏறுவாள். ஜெயசீலி முன்னால் நடந்தாள். லால்துராவில் இடது காலில் மூன்று விரல் போயிருந்தது. சமதளத்தில் லேசாக நொண்டுவாள், பாறையில் நொண்டமாட்டாள். தோளில் ஒரு நீலக் கயிற்றுச் சுருள். அடிவார முகாமில் மிச்சமிருந்த காந்திமதியின் சாமான்களோடு அவள் கொண்டுவந்து என்னிடம் கொடுத்த கயிறு அது. பரண்மேல் கிடந்தது, முந்தின வாரம்தான் எடுத்து நிழலில் உலர்த்தி, வேப்ப மரத்தில் கட்டித் தொங்கிப் பார்த்து, தாங்கும் என்று சொல்லியிருந்தாள்.

பம்பைக்காரர் குப்புராஜ் பத்தடி ஏறியதும் நின்றுவிட்டார். பம்பை இரட்டை மத்தளம். இடுப்பில் கட்டினால் ஆளை முன்னால் சாய்க்கும்.

"சார், எங்கப்பன் காலத்துலேர்ந்து ஏரிக்கரைலதான் அடிச்சிகினு கீறோம். இத்தோட இதுல ஏறுனா எனக்கே பூவாடை போடணும் சார்."

"யோவ் குப்புராஜு" என்றார் அண்ணி மூச்சிரைக்க, "பூவாடை பொம்பளைக்குத்தான். நீ வுழுந்தா வெறும் பொணம். பேசாம ஏறு."

பம்பையை நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் ஒரு பாறைச்சரிவு உண்டு. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை, வீட்டு மாடிப்படி உயரம்தான் இருக்கும். ஆனால் பிடிக்க ஒன்றும் இல்லாத வழுக்கை. ஜெயசீலி ஏறி, மேலே ஒரு கல்லில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைக் கீழே போட்டாள். சுகந்தி ஏறினாள். குப்புராஜ் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, கயிறு வேண்டாம் என்று சொல்லி, இரண்டடி போய், கயிற்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி பாதியில் நின்றார். புடவைமேல் கயிறு இறுகியிருந்தது. ஒரு கையில் தூக்குப் பாத்திரம். அதை விடமாட்டேன் என்று கீழேயே சொல்லிவிட்டார்.

"சீலி, நான் எறங்கிடறேம்மா."

"இறங்கறதுதான் அக்கா கஷ்டம்" என்றாள் ஜெயசீலி மேலேயிருந்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏறறது ஈஸி. காலைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க. கல்லை நம்புங்க."

அவள் என்ன சொன்னாள் என்பது அண்ணிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி ஜெயசீலியைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். ஏறிவிட்டார்.

மேலே காற்று பலமாக இருந்தது. சுனையில் முழங்கால் அளவு தண்ணீர், பாசி ஓரமாக. கீழே ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று எங்களுக்குச் சரிசமமாகப் போவது போல இருந்தது. அண்ணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி கூப்ட்டா, அக்கா வாங்க வாங்கன்னு" என்றார். "முட்டி வலின்னு சொல்லிட்டேன்."

குப்புராஜ் செம்பில் தண்ணீர் எடுத்து, வேப்பிலை செருகி, மஞ்சள் தடவி, வாய்மேல் தேங்காய் வைத்து, தேங்காய் உச்சியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தார். கூப்பிடும்போது அந்தப் பூ தானாகச் சரிந்து விழ வேண்டும். அதுதான் குறி. முதலில் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டாவது அடியிலேயே பூ விழுந்தது. அம்மா எப்போதும் அப்படித்தான், கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார்.

பிறகு காந்திமதிக்கு இன்னொரு செம்பு. பம்பை முழங்கியது. அவருக்குத் தெரிந்த பாட்டுத்தான். ஏரிப் பாட்டை மலைக்கு மாற்றிக்கொண்டார். மலைய வுட்டு எறங்கி வா, பனிய வுட்டு எறங்கி வா, பெத்த மக வாசலுக்கு எறங்கி வாம்மா எறங்கி வா.

பூ அசையவில்லை. அந்தக் காற்றில் அது அசையாமல் இருந்ததே வினோதம்.

இரண்டாம் முறை கூப்பிட்டார். சட்டை நனைந்துவிட்டது. மூன்றாம் முறை குரல் கம்மியது. எறங்கி வாம்மா, எறங்கி வா. பூ அப்படியே இருந்தது.

"நான் இன்னா சொன்னேன்?" என்றார் அண்ணன். "வரமாட்டா. காரியம் பண்ணாதவ. மூட்டை கட்டு, பொழுது சாய்றதுக்குள்ள போலாம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை. மறுநாள் தாலி கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம், உன் அம்மா வரவில்லை என்று ஒரு பூ சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் ஒப்புக்கொண்டால், பன்னிரண்டு வருஷமாக எல்லாரும் சொன்னதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

குப்புராஜ் நாலாம் முறைக்குக் குச்சியை எடுத்தார். மறுபடியும் அதே பாட்டு. அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. இறங்கு. சின்ன வயதில் மாமரத்தில் ஏறியவளிடம் அவள் அப்பா சொன்னது. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிமேல் நின்றவளிடம் தலைமை ஆசிரியை சொன்னது. கல்யாணமான புதிதில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்தவளிடம் நான் சொன்னது. அண்ணன் சொன்னது, அண்ணி சொன்னது, தெரு சொன்னது. வாழ்நாள் முழுக்க அவள் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

"குப்புராஜ், நிறுத்துப்பா."

"இன்னும் ஒரு வாட்டி பாக்கறேன் சார். வந்துரும்."

"வேணாம். அவளை இறங்கச் சொல்லி எல்லாரும் சொல்லியாச்சு. இனிமே யாரும் சொல்ல வேணாம். படையலை இங்கயே பிரிங்க."

"இங்கியா?" அண்ணன் எழுந்துவிட்டார். "வூட்டுத் தெய்வத்த வூட்டுக்கு வெளில வெச்சுப் படைப்பியா? பூவே வுழல, உத்தரவே இல்ல!"

"அவ மலைக்குப் போக யார்கிட்டயும் உத்தரவு கேக்கலண்ணா. நானும் கேக்கப் போறதில்ல. அவ இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நாமதான் ஏறி வந்துட்டோமே."

"அப்ப நான் போறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாறைச்சரிவு வரை போனார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

புடவையை விரித்தேன், அரக்கு நிறம், அவளுக்குப் பிடித்ததா என்று தெரியாது, புடவையைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. சுகந்தி ஜெயசீலியிடமிருந்து கயிற்றை வாங்கிச் சுருட்டிப் புடவைமேல் வைத்தாள். மஞ்சள் கிண்ணம் அண்ணியிடம் இருந்தது. சுமங்கலிதான் மஞ்சள் வைக்க வேண்டும். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

அண்ணி தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு வாசனை அடித்தது.

"இதுன்னா அவளுக்கு உசுரு" என்றார் யாரையும் பார்க்காமல். "ஊருக்குப் போறதுக்கு மொத நாளு ரெண்டு தட்டு சோறு துன்னா. நான் சோறு வெக்கறது வேற, பூவாடை வேற, அதுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. கூப்புடக் கூடாதுன்னு சொன்னா, சோறு போடக் கூடாதுன்னு அர்த்தமா?"

குழம்பைச் சோற்றில் ஊற்றினார். மஞ்சளைக் குழைத்துக் கயிறு முழுவதும், ஒரு சுற்று விடாமல், புடவைக் கரைக்குப் பூசுவது மாதிரி பூசினார். குங்குமம் வைத்தார். நடுவில் நிறுத்தி ஜெயசீலியிடம் கேட்டார்: "மேல போய் நின்னீங்களே, அப்ப இன்னா சொன்னா?"

இந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் ஒருவர் கேட்பதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"சுத்திப் பாத்தாங்க அக்கா. ரொம்ப நேரம். அப்புறம், பசிக்குது, பிஸ்கட்டை எடுன்னாங்க."

அண்ணி சிரித்துவிட்டார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். "அவதான்" என்றார். "அவளேதான்."

கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. ஏற்றினோம், அணைந்தது, மறுபடி ஏற்றினோம். தேங்காய்மேல் பூ கடைசி வரை இருந்தது.

இறங்கும்போது பொழுது மஞ்சளாக இருந்தது. படைத்ததைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். சுகந்தி கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றித் தானே முடிச்சுப் போட்டாள். அம்மாவின் முடிச்சு. எப்போது கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பாறையில் ஒவ்வொருவராகக் கயிறு கட்டி இறக்கிவிட்டு, கடைசியாக அவள் இறங்கினாள். தாவணியிலும் கையிலும் மஞ்சள் அப்பியிருந்தது. அண்ணனும் கயிற்றில்தான் இறங்கினார். கீழே வந்ததும் அவர் வேட்டியில் ஒரு மஞ்சள் பட்டை விழுந்திருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார், போகவில்லை.

பந்தல் என் வாசலிலேயே போட்டோம். அண்ணன் வந்தார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டார், என்னோடு பேசவில்லை. இப்போதும் அதிகம் பேசுவதில்லை. அது பூவாடை இல்லை என்பதுதான் அவர் கட்சி. மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மலை மேல போட்டீங்களாமே?" என்று கேட்டார். "போட்டோம். சுகந்தியோட அம்மா லால்துரான்னு ஒரு மலை மேல ஏறினவங்க" என்றேன். முதல் செய்தியை முதலில் சொன்னேன். இரண்டாவதை அவர் கேட்கவில்லை.

போன வருஷம் மலையேற்றச் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பூங்காவைத் திறக்கச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்கப்போகிறார்களாம். திறந்தால் காந்திமதியைத் தேடலாம், நானும் சேர்ந்து குரல் கொடுத்தால் நல்லது என்றார்கள். நல்ல பையன்கள். காப்பி கொடுத்தேன். முடியாது, அவள் அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. பேசிக்கொண்டே பின்கட்டுக்கு வந்த ஒருவன், கொய்யா மரத்தில் பட்டை மூடிக்கொண்டு பாதி உள்ளே போய்விட்ட பழைய கயிற்றுத் துண்டைப் பார்த்து, "இதை யார் சார் கட்டினது?" என்று கேட்டான். சொன்னேன். விரலால் தொட்டுப் பார்த்தான். 

எண்பத்து நான்குக்குப் பிறகு லால்துராவில் யாரும் கால் வைக்கவில்லை. பூங்கா இன்னும் மூடியே இருக்கிறது.